புல் வெட்டும் இயந்திரத்தைத் தந்த தொழிலாளி

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு விடியற்காலைப் பனியைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பெரட்டுக்கு நடந்து போவதற்குள் முழங்கால் வரைக்கும் நனைந்துவிடும். பால்மரம் வெட்டுகிறவருக்கு அந்தக் குளிர் நல்லது. வெயில் ஏறுவதற்கு முன்னே வெட்டினால்தான் மரம் நிறையப் பால் கொடுக்கும். ஆனால் அதே பெரட்டில், அதே நேரத்துக்குப் பேர் கொடுத்துவிட்டு, புல் வெட்டும் மெஷினைத் தள்ளிக்கொண்டு போனாரே ஒருவர், அவருடைய பாடு என்ன?

நாம் தோட்டப் பள்ளியில் படித்த நாட்களில், பாடம் நடக்கும்போதே திடலில் மெஷின் சத்தம் கேட்கும். கர்ரென்று ஓடும். கொஞ்ச நேரத்தில் திணறும். பிறகு நின்றுவிடும். சன்னல் வழியாக எட்டிப் பார்த்தால், புல் வெட்டும் தாத்தா மெஷினைச் சாய்த்துப் போட்டு, அடியில் அப்பிக்கிடக்கும் ஈரப் புல்லைக் கையால் வழித்துக்கொண்டிருப்பார். மறுபடி கயிற்றை இழுப்பார். ஓடும், திணறும், நிற்கும். பிள்ளைகளுக்கு அது வேடிக்கை. அவருக்கு அது தோள்வலி. திடலை முடிக்காவிட்டால் மண்டோரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டிய ஏச்சு.

புல்லு ஈரமா இருந்தா மெஷின் அடைக்கும். இது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. ஆனால் அந்த மெஷினை முதன்முதலில் செய்தவர் யார்? எந்தப் புல்லை மனதில் வைத்துச் செய்தார்? இதைக் கேட்டுப் பார்த்தவர்கள் நம்மில் குறைவு. அவர் பெயர் எட்வின் பியர்ட் பட்டிங். பிரபு வீட்டுப் பிள்ளை இல்லை, பெரிய படிப்புப் படித்தவரும் இல்லை. உளி பிடித்துத் தச்சு வேலை செய்து, பிறகு இரும்புப் பட்டறையில் இயந்திரம் பழுது பார்த்துப் பிழைத்த தொழிலாளி. இந்த வாரம் அவருடைய கதையைப் பார்ப்போம்.

ஆலைகள் நிறைந்த ஊர்

இங்கிலாந்தின் மேற்குப் பக்கத்தில் குளோஸ்டர்ஷயர் என்று ஒரு வட்டாரம். அங்கே ஸ்ட்ரவுட் என்னும் சிறு பட்டணம். சுற்றிலும் மேடும் பள்ளமுமாக இருக்கும். பள்ளத்தாக்குகளில் ஓடைகள். அந்த ஓடைத் தண்ணீரின் வேகத்தில் சக்கரங்களைச் சுழலவிட்டு, கரையோரம் முழுக்கக் கம்பளி ஆலைகளை நடத்தினார்கள். இங்கிலாந்துப் பட்டாளத்துச் சிப்பாய்கள் போட்ட சிவப்புச் சட்டைக்குத் துணி கொடுத்த ஊர்களில் ஸ்ட்ரவுட் பேர் பெற்றது. நமக்குப் பால்மரக்காடு எப்படியோ, அந்த ஊர்க்காரர்களுக்கு அப்படிக் கம்பளி ஆலை. குடும்பத்தோடு அங்கேதான் வேலை, அங்கேதான் வாழ்வு.

அந்த வட்டாரத்தில் 1796ஆம் ஆண்டு பட்டிங் பிறந்தார். தகப்பனார் சொந்த நிலம் வைத்திருந்த விவசாயி. ஆனால் முறையான திருமணத்தில் பிறக்காத பிள்ளை. அந்தக் காலத்தில், அதுவும் கிராமத்தில், அப்படிப் பிறந்த பிள்ளைக்கு ஊர் என்ன மரியாதை கொடுத்திருக்கும் என்று நாம் விளக்க வேண்டியதில்லை. நிலம் கைக்கு வராது, பேர் சொல்லி முன்னுக்கு வரவும் முடியாது. கைத்தொழில்தான் கை கொடுக்க வேண்டும். பட்டிங்குக்கும் அதுதான் கை கொடுத்தது.

முதலில் தச்சு. பிறகு மரத்திலிருந்து இரும்புக்கு வந்தார். ஆலைகளில் இயந்திரம் பழுதானால் கூப்பிடும் ஆளாக ஆனார். எதையும் பிரித்துப் பார்ப்பதும், இதை இப்படிச் செய்தால் என்ன என்று யோசிப்பதும் அவர் சுபாவம். பல குழல் கொண்ட கைத்துப்பாக்கி ஒன்றையும் செய்து பார்த்திருக்கிறார். அமெரிக்காவின் சாமுவேல் கோல்ட் 1836இல் தம் சுழல் துப்பாக்கிக்கு உரிமம் வாங்குவதற்குச் சில வருடம் முந்திய சங்கதி இது. திருகைத் திருப்பி வாயைக் கூட்டிக் குறைக்கும் ஸ்பானரையும் அவர் செய்தார் என்பார்கள். இன்று ஃபாக்டரியிலும் லாரிப் பட்டறையிலும் அந்த மாதிரி ஸ்பானர் இல்லாத இடம் உண்டா?

துணியில் கண்ட வித்தை

கம்பளித் துணியை நெய்து முடித்தால் மட்டும் போதாது. அதன் மேலே பஞ்சு மாதிரி ரோமம் மேடும் பள்ளமுமாக நிற்கும். அதை ஒரே மட்டமாகக் கத்தரித்தால்தான் துணி வழவழப்பாக இருக்கும், நல்ல விலையும் போகும். ஒரு காலத்தில் இந்த வேலையைத் தேர்ந்த ஆட்கள் பெரிய கத்தரிக்கோலைக் கையில் பிடித்துச் செய்தார்கள். பிறகு இயந்திரம் வந்தது. ஸ்ட்ரவுட்டுக்குப் பக்கத்தில் பிரிம்ஸ்கோம்ப் ஆலையைச் சேர்ந்த ஜான் லூயிஸ் என்பவர், இந்த வேலைக்கு உருளைக் கத்தி வைத்த இயந்திரத்தை 1815 வாக்கில் கொண்டுவந்தார்.

அந்த இயந்திரத்தின் நுட்பம் லேசானது. நீளமான ஒரு உருளை. அதைச் சுற்றித் திருகு மாதிரி வளைந்த கத்திகள். கீழே அசையாத ஒரு நேர்க்கத்தி. உருளை சுழலும்போது மேல்கத்தி கீழ்க்கத்தியை உரசிக்கொண்டு போகும். நடுவில் மாட்டும் ரோமம் கத்தரிக்கோலில் மாட்டியது போல நறுக்கென்று வெட்டுப்படும். துணிக்குச் சேதம் இல்லை, ரோமம் மட்டும் போகும்.

இதை எத்தனையோ பேர் நாள்தோறும் பார்த்தார்கள். எத்தனையோ பேர் ஓட்டினார்கள். பட்டிங் பார்த்தபோதுதான் வேறு ஒன்று தோன்றியது. துணியின் ரோமத்தை வெட்டும் கத்தி தரையின் புல்லை ஏன் வெட்டக்கூடாது? பூமிக்குப் புல்தானே ரோமம்!

கேட்கும்போது சாதாரணமாக இருக்கிறது. ஆனால் ஆலையில் இயந்திரம் ஓர் இடத்தில் நிற்கும், துணிதான் அதனிடம் வரும். புல் நம்மிடம் நடந்து வருமா? இயந்திரம்தான் புல்லிடம் போக வேண்டும். போகிற போக்கில் கத்தியும் சுழல வேண்டும். பட்டிங் இதற்கு ஒரு வழி கண்டார். பின்னால் ஒரு கனத்த உருளை வைத்தார். ஆள் தள்ளும்போது அந்த உருளை தரையில் உருளும். பற்சக்கரங்கள் அந்த ஓட்டத்தை வாங்கி, கத்தி உருளையைப் பல மடங்கு வேகமாகச் சுழற்றும். எவ்வளவு உயரத்தில் வெட்டலாம் என்று கூட்டிக் குறைக்கச் சின்ன உருளை ஒன்று. வெட்டின புல் முன்னால் ஒரு தட்டில் போய் விழும். அகலம் 19 அங்குலம். எல்லாம் இரும்பு. தள்ளக் கனமாக இருந்ததால், முன்னால் ஒருவர் இழுப்பதற்கும் பிறகு ஒரு பிடி வைத்தார்கள்.

இருட்டில் ஓடிய இயந்திரம்

இயந்திரம் உருவாகப் பணம் வேண்டுமே! பட்டிங்கிடம் மூளை இருந்தது, முதல் இல்லை. ஸ்ட்ரவுட்டுக்கு அருகே திரப் என்னும் இடத்தில் ஃபீனிக்ஸ் இரும்புப் பட்டறையை நடத்திய ஜான் ஃபெராபி முதல் போட முன்வந்தார். 1830ஆம் ஆண்டு மே 18ஆம் தேதி இருவரும் ஒப்பந்தம் எழுதிக்கொண்டார்கள். செலவு ஃபெராபியுடையது. செய்து விற்கும் உரிமையும், வேறு பட்டறைகளுக்கு அனுமதி கொடுக்கும் உரிமையும் ஃபெராபிக்கே. அதே ஆண்டு ஆகஸ்ட் 31ஆம் தேதி அரசாங்க உரிமம் கிடைத்தது. உரிமப் பத்திரத்தில், புல்தரையின் மேற்பரப்பைக் கத்தரிப்பது என்று துணி ஆலைப் பேச்சிலேயே எழுதியிருந்தார் பட்டிங். தான் கற்ற இடத்தை அவர் மறைக்கவில்லை.

உரிமம் வாங்குவதற்கு முன் அவர் இயந்திரத்தை இரவில்தான் ஓட்டிப் பார்த்தார் என்று ஒரு கதை உண்டு. பகலில் தள்ளினால் ஊரார் பார்த்துப் பைத்தியம் என்று சிரிப்பார்கள், அல்லது எவனாவது பார்த்துக் காப்பியடித்துவிடுவான் என்ற பயமாம். ஊர் அடங்கின பிறகு, இருட்டில், சத்தம் போடும் இரும்பு வண்டியைப் புல்லில் தள்ளிக்கொண்டு போகும் ஒரு மனிதரை நினைத்துப் பாருங்கள். புதுசாக ஒன்றைச் செய்கிற தொழிலாளிக்கு அன்றும் சரி, என்றும் சரி, முதல் கூலி கேலிதான்.

ஆனால் இயந்திரம் கேலியை வென்றது. முதலில் விற்றவற்றில் ஒன்று லண்டன் ரீஜண்ட்ஸ் பார்க் மிருகக்காட்சிச் சாலைத் தோட்டத்துக்குப் போனது. ஆக்ஸ்போர்டு கல்லூரிகளும் வாங்கின. ஒருவர் இழுக்க, ஒருவர் தள்ள, அரிவாளும் துடைப்பமும் பிடித்த ஆறு முதல் எட்டு ஆட்களின் வேலையை இயந்திரம் செய்துவிடுகிறது என்று மிருகக்காட்சிச் சாலையின் தோட்டக்காரர் தெரிவித்தார். 1832இல் இப்ஸ்விச் ஊரின் ரேன்சம்ஸ் கம்பெனி அனுமதி வாங்கிச் செய்ய ஆரம்பித்தது. கோல்ஃப் திடல்களில் வேலை செய்தவர்களுக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்கும்.

பனியை நம்பிய அரிவாள்

இப்போது நாம் முக்கியமான இடத்துக்கு வருகிறோம். பட்டிங்குக்கு முன்னே புல்தரையை எப்படி வெட்டினார்கள்?

நீண்ட கைப்பிடி கொண்ட பெரிய அரிவாளால் வெட்டினார்கள். இரண்டு கையாலும் பிடித்து, இடுப்பை வளைத்து, அரைவட்டமாக வீச வேண்டும். கொஞ்சம் ஆழமாகப் போனால் மண் கிளம்பும். கொஞ்சம் மேலே போனால் புல் நிற்கும். பழகின கைக்கே அரைவட்டத் தழும்பு தரையில் விழும், அது மறையப் பல நாள் ஆகும். பட்டிங் தம் உரிமப் பத்திரத்தில் இந்தத் தழும்பைச் சொல்லித்தான் தம் இயந்திரத்தின் பெருமையைக் காட்டினார்.

அந்த அரிவாள்காரர்கள் வெட்டிய நேரம் எது தெரியுமா? விடியற்காலை, பனி காய்வதற்கு முன்னே. காரணம் இருக்கிறது. இரவெல்லாம் தண்ணீர் குடித்த புல் விறைப்பாக நிற்கும். அரிவாள் பட்டவுடன் வெட்டுப்படும். வெயில் ஏறினால் புல் துவண்டுவிடும். அரிவாளை வீசினால் வளைந்து கொடுத்துத் தப்பித்துக்கொள்ளும். அதனால் இருட்டோடு எழுந்து, பனியில் நின்று, வெயில் வருவதற்குள் முடித்தாக வேண்டும். வெட்டின புல்லைப் பெருக்கி அள்ளப் பெண்கள் பின்னால் வருவார்கள்.

நம் பால்மரமும் இதே கதைதான். விடியலில் மரம் தண்ணீர் பிடித்து இறுக்கமாக நிற்கிறது, வெட்டினால் பால் வேகமாக ஓடுகிறது. வெயில் ஏறினால் ஓட்டம் குறைகிறது. அதனால்தான் நமக்குப் பெரட்டு இருட்டில்.

பட்டிங்கின் இயந்திரமோ இந்தக் கணக்கைத் தலைகீழாக்கியது. அது வீசி வெட்டவில்லை. இரண்டு கத்திக்கு நடுவே பிடித்து வெட்டியது. துவண்ட புல்லானாலும் அதன் பிடியிலிருந்து தப்ப முடியாது. அதற்கு வேண்டியது காய்ந்த புல். உலர்ந்த புல்லை வெட்ட முடிகிறது என்பதே இந்த இயந்திரத்தின் பெரிய லாபம் என்று அந்தக் காலத்துத் தோட்டக்கலைப் பத்திரிகையும் பாராட்டியது.

ஈரத்தில் அது தடுமாறியதற்கும் காரணம் அதன் அமைப்பிலேயே இருந்தது. பின்னால் உருளும் உருளைதான் கத்தியைச் சுழற்றுகிறது. ஈரப் புல்லில் உருளை வழுக்கினால் கத்தியின் ஓட்டம் குறையும். ஓட்டம் குறைந்தால் புல் வெட்டுப்படாமல் இரண்டு கத்திக்கும் இடையே திணிந்துகொள்ளும். வெட்டினதும் உதிராமல் கட்டிகட்டியாக உருளையில் ஒட்டும். ஆக, முதல் இயந்திரமே வெயிலுக்குப் பிறந்த பிள்ளை. பனிக்குப் பிறந்தது அரிவாள்.

வேலை போனவர்கள்

எட்டு ஆள் வேலையை இரண்டு ஆள் செய்தால், மிச்சம் ஆறு பேர் எங்கே போனார்கள்? இந்தக் கேள்வியை விட்டுவிட்டுப் பட்டிங்கின் கதையைச் சொல்வது நமக்கு நியாயமாகப் படவில்லை.

அவர் உரிமம் வாங்கிய நாளுக்கு மூன்று நாள் முந்தி, 1830 ஆகஸ்ட் 28ஆம் தேதி இரவு, கெண்ட் வட்டாரத்தில் லோயர் ஹார்ட்ஸ் என்னும் கிராமத்தில் விவசாயக் கூலிகள் கதிரடிக்கும் இயந்திரம் ஒன்றை உடைத்து நொறுக்கினார்கள். குளிர் காலத்தில் அவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய ஒரே வேலை கதிரடிப்பு. அதையும் இயந்திரம் பிடுங்கிக்கொண்டது. கோபம் காட்டுத்தீயாகி ஊர் ஊராகப் பரவியது. அரசாங்கம் 19 பேரைத் தூக்கிலிட்டது. சுமார் 500 பேரைக் கப்பலேற்றி ஆஸ்திரேலியாப் பக்கம் கடத்தியது. அதற்கும் முந்தி, 1812இல், யார்க்ஷயரில் கம்பளியைக் கையால் கத்தரித்த தொழிலாளர்கள் கத்தரிக்கும் இயந்திரங்களை உடைத்து, அவர்களிலும் பலர் தூக்குமேடை ஏறினார்கள்.

பட்டிங் அவர்களுக்கு எதிரியா? நாம் அப்படி நினைக்கவில்லை. அவரும் கைத்தொழில் செய்து பிழைத்தவர்தான். இடுப்பு ஒடியும் வேலையை அவர் இயந்திரம் குறைத்தது. இயந்திரத்தின்மேல் குற்றம் இல்லை. மிச்சமான உழைப்பின் லாபம் யார் பையில் போய் விழுந்தது என்பதில்தான் குற்றம். உரிமப் பத்திரத்தில் பட்டிங், கனவான்கள் தாங்களே இதைத் தள்ளிப் பார்த்தால் உடம்புக்கு நல்ல பயிற்சி என்றும் சொல்லியிருந்தார். கனவான் ஆசைக்கு அரைமணி நேரம் தள்ளியிருப்பார். காலையிலிருந்து மாலை வரைக்கும் தள்ளினவர் தொழிலாளி. ஒருவருக்குப் பயிற்சி, இன்னொருவருக்குப் பிழைப்பு. மெஷின் ஒன்றுதான்!

கடைசிக் காலம்

பட்டிங் பிற்காலத்தில் டர்ஸ்லி என்னும் ஊருக்குப் போனார். அங்கே ஜார்ஜ் லிஸ்டர் என்பவரோடு சேர்ந்து, கம்பளியைச் சிக்கெடுத்துச் சீவும் இயந்திரத்தைத் திருத்தி அமைத்தார். அந்த ஜார்ஜ் லிஸ்டரின் மகன்தான் 1867இல் அதே டர்ஸ்லியில் சொந்தமாகக் கம்பெனி தொடங்கியவர். பிற்பாடு அந்தக் கம்பெனியின் லிஸ்டர் எஞ்சின் உலகம் முழுக்கப் போனது. பழைய ஆட்களுக்குத் தோட்டத்தில் இரவு விளக்குக்கு ஓடிய எஞ்சின் சத்தம் நினைவிருக்கும். அந்த ஊரில், அந்தக் குடும்பத்தோடு, நம் கதாநாயகர் வேலை பார்த்திருக்கிறார் என்பது நமக்கு ஓர் ஆச்சரியம்.

1846ஆம் ஆண்டு, 50 வயதில், டர்ஸ்லியில் பட்டிங் மாண்டார். அவர் மெஷின் உலகத்தையே மாற்றியதைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. 1840களில் ஸ்காட்லாந்தில் ஷாங்க்ஸ் என்பவர் குதிரை இழுக்கும் பெரிய மெஷின் செய்தார். தரையில் குளம்பு பதியாமலிருக்கக் குதிரைக்குத் தோல் செருப்பு மாட்டினார்கள்! 1893இல் நீராவியால் ஓடும் மெஷின் வந்தது. 1902இல் ரேன்சம்ஸ் பெட்ரோல் மெஷினை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஒரே மட்டமாக வெட்டின தரை வந்த பிறகுதான் டென்னிஸ், கிரிக்கெட், கால்பந்து எல்லாம் இன்றைய மாதிரித் திடலில் ஆட முடிந்தது. 1952இல் ஆஸ்திரேலியாவின் ரிச்சர்ட்சன் என்பவர் விக்டா என்ற மெஷினைச் செய்தார். அடியில் ஒரே கத்தி விசிறி மாதிரி சுழன்று வெட்டும் ரகம். பள்ளித் திடலில் நம் தாத்தா தள்ளியதும் அந்தச் சாதிதான்.

ஈரப் புல்லும் நம் விரலும்

சில வருடங்களுக்கு முன் ஒரு தோட்டத்திலிருந்து நம்மைக் கூப்பிட்டார்கள். அடைமழைக் காலம். மறுநாள் பெரிய ஆட்கள் வருகிறார்கள் என்று, காலை ஏழு மணிக்கே பங்களாப் புல்லை வெட்டச் சொல்லியிருக்கிறார்கள். மெஷின் பத்தடிக்கு ஒரு தரம் அடைத்தது. சூட்டில் அணைத்துவிட்டால் மறுபடி கிளம்பாது என்று, எஞ்சின் ஓடும்போதே புல் வெளியே வரும் வாயில் கையைவிட்டு இழுத்திருக்கிறார் அந்த அண்ணன். இரண்டு விரல்களின் நுனி போய்விட்டது. விசாரணையில் அவர் கவனக்குறைவு என்று எழுதினார்கள். நாம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டோம். ஈரம் சொட்டும் புல்லை அந்த நேரத்தில் வெட்டச் சொன்னது யாருடைய கவனம்? அதற்கு யாரும் வாய் திறக்கவில்லை. ஆனால் அடுத்த மாதத்திலிருந்து புல் வெட்டுகிறவருக்குக் காலையில் வாய்க்கால் துப்புரவும் கத்தி தீட்டும் வேலையும் கொடுத்து, பத்து மணிக்கு மேலே மெஷினை எடுக்க விட்டார்கள். சம்பளத்தில் ஒரு காசு குறையவில்லை. புல்லும் சீக்கிரமே முடிந்தது.

விசிறிக் கத்தி மெஷின் ஏன் அடைக்கிறது என்று தெரிந்துகொள்வோம். கத்தி சுழலும்போது காற்று கிளம்புகிறது. அந்தக் காற்றுதான் புல்லை நிமிர்த்தி, வெட்டினதை வாய் வழியாக வெளியே தள்ளுகிறது. காய்ந்த புல் லேசானது, பறந்துவிடும். ஈரப் புல் கனம், ஒட்டும் தன்மையும் அதிகம். மூடியின் உள்பக்கம் அப்பிக்கொள்ளும். அப்ப அப்பக் காற்றுக்கு வழி குறையும். வழி குறையக் குறைய இன்னும் அப்பும். கடைசியில் கத்தியே இழுக்க முடியாமல் எஞ்சின் மூச்சுத் திணறி நிற்கும்.

ஆகவே, முடிந்தால் காய விடுங்கள். வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் கத்தியை உயர்த்தி வையுங்கள். புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் ஒரே தடவையில் எடுக்காதீர்கள். மிச்சத்தைக் காய்ந்த பிறகு இன்னொரு தரம் எடுக்கலாம். மெஷினின் முழு அகலத்துக்கும் புல்லைக் கொடுக்காமல் பாதி அகலத்துக்குக் கொடுத்து மெதுவாகப் போங்கள். புல் பிடிக்கும் பையைக் கழற்றிவிட்டுப் பக்கவாட்டில் விழவிடுங்கள். கத்தி கூராக இருக்கட்டும். மொட்டைக் கத்தி ஈரப் புல்லை வெட்டாது, கிழித்துக் கூழாக்கும். சரிவான இடத்தில் ஈரமாக இருக்கும்போது மெஷினை எடுக்கவே வேண்டாம். கால் வழுக்கினால் கத்திக்கு அடியில்தான் போகும்.

அடைத்துவிட்டால் முதலில் எஞ்சினை அணையுங்கள். கத்தி முழுக்க நிற்கும்வரை பொறுங்கள். பிளக் ஒயரைக் கழற்றித் தள்ளி வையுங்கள். ஒயர் மாட்டியிருக்கும்போது கத்தியைக் கையால் திருப்பினால் எஞ்சின் திடீரென்று உயிர் பெறக்கூடும். மெஷினைச் சாய்த்தால் காற்று வடிகட்டி இருக்கும் பக்கம் மேலே இருக்கட்டும். இல்லாவிட்டால் எண்ணெய் அதில் இறங்கிவிடும். புல்லைக் குச்சியால் எடுங்கள், விரலால் வேண்டாம். உருளைக் கத்தி மெஷினில் இன்னும் ஒரு ஆபத்து உண்டு. திணிந்த புல்லை எடுத்தவுடன், இறுகியிருந்த உருளை சடக்கென்று ஒரு திருப்புத் திரும்பும். விரல் போக அது போதும். தோளில் மாட்டும் மெஷினில் புல் சுற்றிக்கொண்டாலும் இதே சட்டம்தான். அணைத்த பிறகே கை. வேலை முடிந்ததும் அடிப்பக்கத்தை ஈரம் காய்வதற்கு முன்னே சுரண்டிவிடுங்கள். காய்ந்துவிட்டால் சிமெண்டு மாதிரி பிடித்துக்கொண்டு இரும்பை அரிக்கும்.

இன்று பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. நம் பிள்ளைகள் பலர் பட்டணத்துச் சாலையோரத்தில் குத்தகைக்காரரிடம் புல் வெட்டுகிறார்கள். தோட்டத்தில் மிச்சமிருக்கும் வேலையில் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் நம் பக்கத்தில் நிற்கிறார்கள். விரல் எல்லாருக்கும் பத்துதான். வேலையில் அடிபட்டால் சொக்சோ உண்டு. 2019 முதல் வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் உண்டு. சின்னக் காயம்தானே என்று மறைக்காமல் உடனே தெரியப்படுத்துங்கள். 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த பாதுகாப்புச் சட்டத் திருத்தத்தின்படி, உடனடி ஆபத்து இருக்கிறது என்று நியாயமாக நம்பினால், சொல்லியும் முதலாளி அதைச் சரிசெய்யவில்லை என்றால், அந்த இடத்தைவிட்டு விலகிக்கொள்ளத் தொழிலாளிக்கு உரிமை உண்டு. இதை எல்லாரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

பட்டிங் பெரிய உண்மை ஒன்றைச் சின்ன இடத்தில் பார்த்தார். ஆலையில் தன் கைக்கு எதிரே ஓடிய கத்தியை உற்றுப் பார்த்தார், அவ்வளவுதான். நம் கைக்கு எதிரேயும் தினமும் ஒரு மெஷின் ஓடுகிறது. அது எதற்குப் பிறந்தது, எதற்குப் பிறக்கவில்லை என்று நாமும் உற்றுப் பார்க்கலாம். பால்மரத்துக்கு விடியற்காலை, மெஷினுக்கு வெயில். இதை மண்டோரிடம் சொல்ல நாம் வெட்கப்பட வேண்டியதில்லை. அந்த மெஷினைச் செய்தவரே நம்மைப் போன்ற ஒரு தொழிலாளிதான்.